கொடிக்கு முன்னால் ஒரு சொல்

அமெரிக்காவின் மார்லோ க்ராசிங் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காலை மணி அடித்ததும் முதல் வேலை கொடிதான். பிள்ளைகள் வரிசையாக நின்று வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோவார்கள். "என் கொடிக்கும்" என்ற சொல் வரும்போது அந்தக் கையைக் கொடியை நோக்கி நீட்டி, உள்ளங்கையை மேலே காட்ட வேண்டும். லவீனியா டீச்சர் ஒவ்வொரு வரியாகச் சொல்வாள், பிள்ளைகள் அப்படியே திருப்பிச் சொல்வார்கள். "விசுவாசமாய் இருப்பேன் என்று உறுதி கூறுகிறேன், என் கொடிக்கும், அது குறிக்கும் குடியரசுக்கும்; பிரிக்க முடியாத ஒரே தேசம்; சுதந்திரமும் நீதியும் எல்லோருக்கும்." சொல்லி முடிக்கக் கால் நிமிஷம்கூட ஆகாது. அதன் பிறகு கணக்குப் பாடம்.

அந்த வாசகத்தில் லவீனியாவுக்கு ரொம்பப் பிடித்த சொல் 'என்'. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அவளைப் போல டல் என்ற குடும்பத்தில் பெண்ணாகப் பிறந்து பார்த்தால் தெரியும். நிலம் அண்ணன் வெண்டலுக்கு, மரக்கடை வெண்டலுக்கு, அப்பாவின் சேணம் வெண்டலுக்கு, கோழித்தொடைகூட முதலில் வெண்டலுக்கு. அப்பா இறந்தபோது அவளுக்குக் கிடைத்தது அம்மாவின் இரண்டு போர்வையும் நிறையப் புத்திமதியும்தான். பதினொரு வயதில், நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களெல்லாம் முதல்முதலாக அந்த உறுதிமொழியைச் சொன்ன அன்று, அவளும் கையை நீட்டி "என் கொடி" என்றாள். அண்ணன் பிடுங்கிக்கொள்ள முடியாத ஒரு சாமான் தனக்கும் கிடைத்துவிட்டது என்று அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். அந்தச் சந்தோஷம் பெரியவளான பிறகும் தேயவில்லை.

அவள் கட்டிக்கொண்டது எம்மெரிக் ஸ்டால்மனை. நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்தப் பக்கத்தில் எந்தப் பண்ணையில் காற்றாலை நின்றுபோனாலும் எம்மெரிக்கைத்தான் கூப்பிடுவார்கள். ஆறு வயதில் ஜெர்மனியிலிருந்து அப்பாவோடு கப்பல் ஏறி வந்தவன். நெடுநெடுவென்று உயரம், சாது, வாயைத் திறந்தால் கிண்டல். பெண்டாட்டியை 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவான். காற்றாலையின் உச்சியில் உட்கார்ந்து தனியாகப் பாடுவான். பாட்டு ஜெர்மன் பாட்டு. அதை இருபது வருஷமாக ஊரே கேட்டது, யாருக்கும் காது வலிக்கவில்லை.

ஜெர்மனியோடு போர் வந்ததும் எல்லோருக்கும் திடீரென்று காது வலித்தது. ஜெர்மன் தேவாலயத்தைப் பூட்டினார்கள். பாட்டுப் புத்தகங்களை வங்கி வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள். நாட்டுக்கு யார் விசுவாசி, யார் துரோகி என்று பார்க்க விசுவாசக் குழு என்று ஒன்று கிளம்பியது. அதற்குத் தலைவன் வெண்டல் டல். துரோகிக்குப் பூசுகிற நிறம் மஞ்சள்; மரக்கடையில் மஞ்சள் பெயிண்டுக்குப் பஞ்சமில்லை. யார் வீட்டுக் கதவில் காலையில் மஞ்சள் பட்டை தெரிகிறதோ, அந்த வீட்டுக்காரன் அந்த வாரமே குழுவின் முன் நிற்க வேண்டும். தொலைபேசியை எடுத்தால், ஊருக்கே பொதுவான கம்பியில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று வாயை மூடிக்கொள்வார்கள். எம்மெரிக்கைக் காற்றாலைக்குக் கூப்பிடுவதும் மெல்ல நின்றது.

ஏப்ரலில் கிழவர் ஆரன்ஸை இழுத்துவந்து பள்ளிக்கூட முற்றத்தில் மண்டியிட வைத்தார்கள். போர்ச் செலவுக்கு அரசு விற்ற கடன் பத்திரத்தை வாங்கவில்லை என்பது குற்றம். கொடிக்கு முத்தம் கொடுக்கச் சொன்னார்கள். காற்றில் துணி பறந்துகொண்டே இருந்ததால் அதை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிடித்துக்கொண்டவள் லவீனியா. கிழவரின் உதடு நடுங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தாள். கொடுத்துவிட்டுப் போனால் தீர்ந்தது, இதில் என்ன பெரிய அவமானம் என்றுதான் அப்போது அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்தபோது எம்மெரிக் கேட்டான். "கிழவன் முத்தம் குடுத்தானா?"

"குடுத்தார். ஒரு முத்தம்தானே, எம்மெரிக்."

"ஒண்ணுதானேன்னா நீங்களே குடுத்திருக்கலாமே. எதுக்கு அந்த மனுஷனை முட்டி போட வச்சீங்க?"

அவளுக்குக் கோபம் வந்தது. உருளைக்கிழங்கைத் தேவைக்கு மேல் மசித்துக் கூழாக்கி வைத்தாள்.

ஜூன் மாதம் தபால் நிலையச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ஜெர்மன் நாட்டுப் பெண்கள் எல்லோரும் வந்து பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆண்களுக்கான பதிவு குளிர்காலத்திலேயே முடிந்திருந்தது. எம்மெரிக் அப்போது போகவில்லை. தான் அமெரிக்கன் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஆனால் சுவரில் எதையாவது ஒட்டியிருந்தால் கடைசி வரி வரை படிக்கிற பழக்கம் அவனுக்கு உண்டு. படித்துவிட்டு, கூட வந்த பெண்டாட்டியையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய், தபால் அதிகாரி குவிம்பியிடம் தானாகவே வாயைக் கொடுத்தான்.

"குவிம்பி, எங்கப்பா எடுத்த காகிதம் எனக்கும் சேத்திதானே?"

குவிம்பி கண்ணாடியை மேலே தள்ளினார். "உங்கப்பா ரெண்டாவது காகிதம் எடுத்தாரா?"

"ரெண்டாவதுன்னா?"

"முதல் காகிதம், இந்த நாட்டுக்காரன் ஆகப் போறேன்னு சொல்றது. ரெண்டாவது, கோர்ட்டுல நின்னு சத்தியம் பண்ணி ஆகறது."

"முதல்ல ஒண்ணு எடுத்தாரு. அப்புறம் மழை இல்லாத வருஷம் வந்துது. அப்புறம் செத்துப் போயிட்டாரு." எம்மெரிக் சிரித்தான். "ஆனா நான் எல்லாத் தேர்தல்லயும் ஓட்டுப் போட்டிருக்கேனே? இதே மேஜையிலதானே, நீங்கதானே சீட்டுக் குடுத்தீங்க?"

"இந்த மாநிலத்துல முதல் காகிதத்துக்கே ஓட்டுக் குடுத்தாங்கப்பா. ஓட்டு வேற, பிரஜை வேற." குவிம்பி நல்ல மனிதர்தான். குரல் இறங்கிவிட்டது. "நீ இன்னும் ஜெர்மன்காரன், எம்மெரிக். குளிர்காலத்துலயே வந்திருக்கணும்."

எம்மெரிக் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சரி, விடுங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

"நீ மட்டும் இல்ல. அவங்களும்."

லவீனியா உரக்கச் சிரித்தாள். "நானா? நான் வெண்டல் டல் தங்கச்சி, மிஸ்டர் குவிம்பி. இந்த ஊர்லயே பொறந்தவ. எங்கப்பா உள்நாட்டுப் போர்ல யூனியன் படையில சண்டை போட்டு ஒரு காதைப் போர்க்களத்துலயே விட்டுட்டு வந்தவரு."

"தெரியும்மா. அந்தக் காதுக் கதையை அவரு சொல்லி நூறு தடவை கேட்டிருக்கேன்." அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கல்யாணம் ஆன பொண்ணு புருஷனோட நாட்டுக்காரி. அதான் சட்டம். நீங்க சர்ச்சை விட்டு வெளிய வந்த அன்னிக்கே ஜெர்மன்காரி ஆயிட்டீங்க. உங்களுக்கு யாரும் சொல்லல, அவ்வளவுதான்."

அந்தத் தபால் நிலையத்தில் வைத்து அவளுடைய பத்து விரலையும் ஒவ்வொன்றாக மையில் உருட்டி எடுத்தார்கள். குவிம்பியின் அனுமதி இல்லாமல் இனி இருவரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வெளியே வந்து குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அண்ணன் பிடுங்க முடியாது என்று நினைத்திருந்த ஒரே சாமானும் போய்விட்டது. அதை எடுத்துக்கொண்டது யார் என்று காட்டி அழக்கூட ஒரு முகம் இல்லை.

கோடை விடுமுறைதான் என்றாலும், ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின விழாவுக்காகப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒத்திகை நடந்தது. மறுநாள் வழக்கம்போல வரிசையில் நிறுத்தினாள். "என் கொடிக்கும்" என்ற இடத்தில் தடுமாறினாள். இருமி மறைத்தாள். பிள்ளைகள் அந்த இருமலையும் சேர்த்து இருமினார்கள். மற்ற நாளாக இருந்தால் அவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அண்ணன் வெண்டல் அந்த வாரக் கடைசியில் வந்தான். தொப்பியைக் கழற்றாமல் சமையலறை வரை வந்து உட்கார்ந்தான். எம்மெரிக் கொட்டகையில் இருந்தான்.

"காப்பி குடுடி வின்னி. சர்க்கரை போடாதே, போர்க்காலம்."

"எங்க வீட்டுல சர்க்கரையும் இல்ல, ஜெர்மன் சாமானும் இல்ல. தேடிப் பாக்கறதுன்னா பாத்துக்கோ."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல." அவன் சிரித்தான், அப்புறம் சிரிப்பை நிறுத்தினான். "குவிம்பி சொன்னாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு? குழுத் தலைவன் தங்கச்சி எதிரி நாட்டுக்காரி! மரக்கடையில நாலு பேரு முகத்தைப் பாத்துப் பேச முடியல."

"எனக்கு எப்படி இருந்துதுன்னு கேக்க மாட்டியா?"

"அதுக்குத்தான் வந்தேன். வக்கீலைக் கேட்டுட்டேன். கல்யாணம் ரத்தானா நீ மறுபடியும் அமெரிக்கக்காரி. ஜூலை நாலு, உறுதிமொழி சொல்லிக் குடுத்துட்டு, எல்லாரும் கேக்கற மாதிரி ஒரே வார்த்தை சொல்லு. அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வரேன்னு. பள்ளிக்கூடம் உன்னோடது. மாடி ரூம் உன்னோடது."

'உன்னோடது' என்ற சொல்லை அண்ணன் வாயிலிருந்து அவள் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள். அது அவளை எவ்வளவு இழுத்தது என்பதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"எம்மெரிக்?"

"அவனை அன்னிக்குக் கூட்டிட்டு வருவாங்க. குளிர்காலம் முழுக்கப் பதிவு பண்ணாம ஏமாத்தியிருக்கான் இல்ல?"

"ஏமாத்தல. தெரியாது. அவனாத்தான் போய்க் கேட்டான்."

"அதைப் பசங்ககிட்டச் சொல்லிப் பாரு." வெண்டல் காப்பிக் கோப்பையை உருட்டினான். "இல்லினாய்ஸ்ல ஜெர்மன்காரன் ஒருத்தனை மரத்துல தொங்க விட்டாங்களே, பேப்பர்ல படிச்சியா? நம்ம பசங்களும் படிச்சாங்க. நான் ஒருத்தன் எத்தனை பேரைப் புடிச்சு நிறுத்தறது? பெயிண்டோட முடிஞ்சா அவன் அதிர்ஷ்டம்."

"நான் அவன் பக்கத்துல நின்னா?"

வெண்டல் அவளை நிமிர்ந்து பார்த்தான். சின்ன வயதில் கோழியின் கழுத்தைத் திருகும்போது அவன் இப்படித்தான் எங்கோ பார்ப்பதுபோல ஆளைப் பார்ப்பான். "நிக்காதே" என்றான். காப்பியை முடிக்காமல் எழுந்து போனான்.

எம்மெரிக்கிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. அவன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டான்.

"சொல்லிட்டுப் போயேன், டீச்சரம்மா. எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. உடம்புல பெயிண்டு பூசுவாங்க, ரயில்ல ஏத்துவாங்க. ஊர் அடங்கினதும் வந்து கூப்பிட்டுக்கறேன்."

"பெயிண்டோட நிறுத்துவாங்களா?"

"நிறுத்தலாம்."

"நான் இல்லாட்டி?"

அவன் துணியை மடித்து வைத்தான்.

அவளுக்குக் கணக்கு தெளிவாகத்தான் இருந்தது. ஒதுங்கிக்கொண்டால் கொடி திரும்பக் கிடைக்கும், பள்ளிக்கூட வேலை நிலைக்கும், புருஷன் அந்தக் கும்பலில் தனியாக மாட்டுவான். பக்கத்தில் நின்றால் எல்லாம் போகும். ஆனால் சொந்தத் தங்கை நிற்கிற இடத்தில் வெண்டலுக்குக் கை கொஞ்சம் தயங்கலாம். தயங்காமலும் போகலாம். அந்த 'லாம்' அவளைப் பாடாய்ப் படுத்தியது.

ஜூலை மூன்றாம் தேதி காலை பார்த்தபோது அவர்கள் வீட்டுக் கதவில் மஞ்சள் பட்டை இருந்தது. பெயிண்ட் ஈரமாகவே இருந்தது.

நாலாம் தேதி பிற்பகல் பள்ளிக்கூட முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. எலுமிச்சைச் சாறு, வறுத்த கோழி, ராணுவத்துக்குப் போன பையன்களின் அம்மாக்களுக்கு முன்வரிசை. எம்மெரிக்கை நாலு பேர் கூட்டி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக அவன் அவர்களுக்கு முன்னால் நடந்து வந்தான், விருந்துக்கு வருகிறவன் மாதிரி. வேலிக்கு வெளியே ஒரு பார வண்டி, ஆளை ஏற்றிப் போகத் தயாராக, குதிரை அவிழ்க்காமல் நின்றது. பிள்ளைகளின் அப்பாமார்கள் உட்கார்ந்த குழுவின் நாற்காலிகளுக்குப் பின்னால் கொடி. வெண்டலின் நாற்காலிக்கு அடியில் மூடிய பெயிண்ட் வாளி.

எம்மெரிக்கைக் கொடிக்குக் கீழே, எல்லோரையும் பார்க்கும்படி நிறுத்தினார்கள். பேச்சு அடங்கியது. கோழி தின்றுகொண்டிருந்தவர்கள்கூட விரலைத் துடைத்துக்கொண்டார்கள்.

"டீச்சர் ஆரம்பிக்கலாம்" என்றான் வெண்டல். எல்லோர் முன்னாலும் மரியாதை கொடுத்தான்.

லவீனியா மேடையில் ஏறினாள். எதிரே பிள்ளைகள், வெள்ளைச் சட்டையில், தலை வாரி. எல்லோருக்கும் சின்னவளான எஃபி முன்வரிசை ஓரத்தில் நின்றாள். பெரியவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். நாற்பது கை நெற்றிக்குப் போனது.

"விசுவாசமாய் இருப்பேன் என்று உறுதி கூறுகிறேன்" என்றாள். பிள்ளைகள் சொன்னார்கள்.

அடுத்த சொல்லை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். எம்மெரிக் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். சொல்லிவிடு என்று அர்த்தம். 'என்' என்று சொன்னால் அது பொய். பத்து விரலையும் மையில் உருட்டி, அது உன்னுடையது இல்லை என்று இந்த நாடே எழுதி வாங்கிக்கொண்டது. அப்படியே பொய் சொல்லி அதைத் திரும்ப வாங்கினாலும், அதற்கு விலை கொடிக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு நிற்கிறது. அவளுக்கு அந்த நிமிஷம் பயம் இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

கையை நீட்டினாள். "உங்கள் கொடிக்கும்" என்றாள், தெளிவாக, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

டீச்சர் சொன்னதைச் சொல்லித்தான் பிள்ளைகளுக்குப் பழக்கம். நாற்பது கையும் குழுவின் நாற்காலிகளை நோக்கி நீண்டன. "உங்கள் கொடிக்கும்!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் தங்கள் அப்பாமார்களைப் பார்த்துச் சொன்னார்கள்.

முற்றத்தில் ஒரு குழந்தை விரலை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

வெண்டல் எழுந்தான். "என்ன சொன்னே?"

"சட்டம் சொன்னதைத்தான். என்னோடது இல்லன்னு குவிம்பி சொன்னாரே. யாருதுன்னு நீயே சொல்லு, திருத்திச் சொல்றேன்."

"வின்னி, மறுபடி சொல்லு. சரியாச் சொல்லு. கடைசித் தடவையாச் சொல்றேன்."

"சரியாத்தான் சொன்னேன்."

முன்வரிசையில் ஓர் அம்மா எழுந்து, "பிள்ளைங்க வாயாலயே சொல்ல வச்சுட்டாளே பாவி!" என்று கத்தினாள். அதுவரை சும்மா இருந்த ஆண்களும் எழுந்தார்கள். நாற்காலிகள் விழுந்தன. எம்மெரிக்கின் தோளில் இரண்டு கை விழுந்தது.

இந்தக் களேபரத்திலும் பிள்ளைகளின் கை நீட்டியபடியே இருந்தது. கடைசிச் சொல் வரும்வரை கையை இறக்கக் கூடாது. எஃபியின் கை நடுங்கத் தொடங்கியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். லவீனியா அதைப் பார்த்தாள். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. விட்ட இடத்திலிருந்து, அவசரப்படாமல், வரி வரியாக மீதியைச் சொன்னாள். குடியரசைச் சொன்னாள், பிரிக்க முடியாத தேசத்தைச் சொன்னாள். பிள்ளைகள் கூடவே வந்தார்கள். "சுதந்திரமும் நீதியும் எல்லோருக்கும்" என்று முடித்ததும் நாற்பது கையும் இறங்கின. எஃபி கையை உதறிக்கொண்டாள்.

லவீனியா மேடையிலிருந்து இறங்கி, கொடிக்குக் கீழே போய், எம்மெரிக்கின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லியிருக்கலாமே" என்றான் அவன், மெதுவாக.

"வாயை மூடு" என்றாள்.

"வின்னி, நீ தள்ளி நில்லு" என்றான் வெண்டல்.

"மாட்டேன்."

வெண்டல் அவளையே பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. தயக்கமாக இருக்கும் என்று ஒரு மூச்சு நேரம் நம்பினாள். அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பி, நிதானமான குரலில், "பிள்ளைங்களை வீட்டுக்கு அனுப்புங்க" என்றான்.

அம்மாக்கள் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டார்கள். பாத்திரங்களை மூடினார்கள். குவிம்பி தொப்பியை அணிந்துகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் அவர்களோடு சேர்ந்துகொண்டார். பிள்ளைகள் மட்டும் நகரவில்லை. டீச்சர் போகலாம் என்று சொல்லாமல் அவர்கள் போவதில்லை. எஃபி அவளைப் பார்த்தாள், மஞ்சள் வாளியைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள்.

"போலாமா டீச்சர்?"

லவீனியாவுக்குப் போகாதே என்று கத்த வேண்டும்போல இருந்தது. இந்தப் பிள்ளைகள் இங்கே நிற்கும்வரை யாரும் எதையும் செய்ய மாட்டார்கள் என்று தெரிந்தது. ஆனால் செய்துவிட்டால், அதை இந்தக் கண்கள் பார்க்கும்.

"போங்க, கண்ணுங்களா" என்றாள். "வரிசையாப் போங்க. நேரா வீட்டுக்குப் போங்க. யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது, சரியா?"

"சரி டீச்சர்" என்றார்கள் எல்லோரும்.

வரிசை வேலிக்கதவைத் தாண்டியது. வெண்டல் வாளியின் மூடியை நெம்பித் திறந்தான். அவன் ஒன்றும் சொல்லாமலேயே இரண்டு பேர் பார வண்டியை நோக்கி நடந்தார்கள். அவள் அண்ணனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், ஒருமுறை, பிறகு உரக்க இன்னொரு முறை. சாலையில் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளுக்கும் அது கேட்டிருக்கும். ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தாள்.